போனால் கையை அவன் வைத்துக்கொள்வான்

எங்கள் ஊர்க் கடைத்தெருவில் ஒரு காமராஜர் சிலை உண்டு. பாபநாசம் பக்கத்துச் சின்ன ஊர். நான் பள்ளியில் படித்த காலத்தில் ஜூலை 15 அன்று அந்தச் சிலைக்கு இரண்டு தடவை மாலை விழும். ஒன்பது மணிக்கு என் பெரியப்பாவின் ஆட்கள், பத்தரைக்கு எதிர்க் கோஷ்டி. இரண்டு தரப்பும் காங்கிரஸ்தான். அதே கதர்த் துண்டு, அதே கோஷம். மாலை கட்டிக் கொடுப்பதுகூட பெருமாள் கோயில் வாசலில் உட்கார்ந்திருக்கும் அதே பூக்காரர்தான்.

எனக்கு இன்றும் ஞாபகம் இருப்பது வேறு ஒன்று. இரண்டாவதாக வருகிறவர்கள் முதல் மாலையைக் கழற்ற மாட்டார்கள், அதன் மேலேயே போடுவார்கள். ஒரு வருடம் விவரம் தெரியாத பையன் ஒருவன் ஏணியில் ஏறி முதல் மாலையை எடுக்கப் போனான். அவன் கோஷ்டிக்காரர்களே கீழேயிருந்து "டேய், அதைத் தொடாதே" என்று அதட்டினார்கள். மேடையில் பெரியப்பாவை 'கறுப்பு ஆடு' என்று திட்டுகிற ஆட்கள் அவர் போட்ட மாலைக்குக் காவல் நின்றார்கள். இது என்ன கணக்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

பெரியப்பா உரக்கடை வைத்திருந்தார். தமிழ்நாட்டுக் காங்கிரசின் பெரிய தலைவர்களில் ஒருவரான ஜி.கே. மூப்பனாரின் ஆள். மூப்பனாரின் கபிஸ்தலம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. எங்கள் பக்கத்துக் காங்கிரஸ்காரர்களில் பாதிப்பேர் அப்படித்தான். எதிர்த் தரப்பின் தலைவர் நெல் மண்டி நடத்தியவர். மண்டிக்காரர் என்றே சொல்கிறேன். அவர் யார் கோஷ்டி என்பது அவ்வப்போது மாறும். முதலில் நடிகர் சிவாஜி ஆள் என்றார்கள், பிறகு வாழப்பாடி ராமமூர்த்தி ஆள் என்றார்கள். பெரியப்பாவுக்கு எதிர் என்பது மட்டும் மாறவே இல்லை. சென்னையில் யார் யாரோடு சண்டையோ, எங்கள் ஊரில் அது உரக்கடைக்கும் மண்டிக்கும் நடக்கிற சண்டையாகத்தான் வந்து இறங்கும். கொள்கையில் தொடங்கி ஊருக்கு வருகிற கோஷ்டிகளைவிட, ஊர்ப் பகையில் தொடங்கி மேலே ஒரு தலைவரைத் தேடிக்கொள்கிற கோஷ்டிகள் அதிகம் என்பது என் எண்ணம்.

கல்லூரிக்குப் போன திமிரில் ஒருநாள் கேட்டேன். "இவ்வளவு சண்டை போடறீங்களே பெரியப்பா, பேசாம தனியாப் போயிடலாமே?"

அவர் யூரியா மூட்டையை எண்ணிக்கொண்டே சொன்னார்: "போனா கையை அவன் வச்சுக்குவான்டா தம்பி."

கை என்றால் கைச் சின்னம். அந்த ஒரு வரியைத்தான் இத்தனை வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தமிழில் பங்காளி என்று ஒரு சொல் இருக்கிறது. ஒரே சொத்தில் பங்கு உள்ளவன். அதனாலேயே அவன்தான் வாய்க்கால் வரப்புக்கு நம்மோடு மல்லுக்கு நிற்பவனும். மாமன் மச்சானோடு அவ்வளவு வம்பு வராது, ஏனென்றால் பொதுவில் பட்டா கிடையாது. பங்காளிகள் வருடக்கணக்கில் பேசாமல் இருப்பார்கள், ஆனால் வீட்டைவிட்டுப் போக மாட்டார்கள். போகிறவன் பங்கை இழப்பான். கட்சிக்குள் இருக்கும் கோஷ்டிகளை வேறுவேறு கருத்துள்ள நண்பர்களாகப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. பங்காளிகளாகப் பார்த்தால் விளங்கும்.

அந்தப் பங்காளி வழக்கமும் பழசு. 1940இல் மாகாணக் காங்கிரஸ் தலைவர் தேர்தலில் ராஜாஜி தரப்பு ஆளை எதிர்த்துக் காமராஜர் ஜெயித்தார். அவரை நிறுத்தியவர் சத்தியமூர்த்தி. நான்கு வருடத்துக்கு முன் சத்தியமூர்த்தி தலைவர், காமராஜர் செயலாளர். இப்போது அப்படியே தலைகீழ். 1954இல் ராஜாஜி விலகியபின் சட்டமன்றக் கட்சித் தலைவர் பதவிக்குக் காமராஜரும் சி. சுப்பிரமணியமும் மோதினார்கள். காமராஜருக்கு 93, சுப்பிரமணியத்துக்கு 41. ஜெயித்தவர் என்ன செய்தார்? எட்டுப் பேர் கொண்ட சின்ன அமைச்சரவையில் தோற்ற சுப்பிரமணியத்துக்கும், எதிரணியில் நின்ற பக்தவத்சலத்துக்கும் இடம் கொடுத்தார். இதைக் காமராஜரின் பெருந்தன்மை என்று மேடைகளில் சொல்வார்கள். பெருந்தன்மை இருக்கலாம். 41 பேரை வெளியே விட்டால் அவர்கள் எங்கே போய் நிற்பார்கள் என்ற கணக்கும் அதில் இருந்திருக்கும். தோற்றவனுக்கும் இலையில் சோறு விழும் என்று தெரிந்தால் பந்தியைவிட்டு எழுந்திருக்க மாட்டான்.

சரி, கைக்கு வருவோம்.

நிலத்தைப் பிரிக்கலாம். வீட்டுக்கு நடுவே சுவர் எழுப்பலாம். கட்சிச் சின்னத்தை மட்டும் பாகம் பிரிக்க முடியாது. 1968இல் தேர்தல் ஆணையம் கொண்டுவந்த சின்னங்கள் ஆணையின் 15ஆம் பத்தி சொல்வது இதைத்தான்: ஒரு கட்சியில் இரண்டு தரப்பு 'நாங்கள்தான் கட்சி' என்று வந்தால், ஒருவரைக் கட்சி என்று ஆணையம் அறிவிக்கலாம், அல்லது இருவருமே இல்லை என்று சொல்லலாம். ஆளுக்குப் பாதி என்பதற்கு அதில் இடமில்லை. ஆணை வந்த மறுவருடமே காங்கிரஸ் உடைந்தது. அதுவரை ஊர் ஊராகச் சுவரில் எழுதிவந்த நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை இருவருக்கும் இல்லாமல் போனது. இந்திரா தரப்பு பசுவும் கன்றும் என்று வந்தது. காமராஜர் இருந்த ஸ்தாபன காங்கிரஸ் இராட்டை நூற்கும் பெண்ணோடு வந்தது. கை வந்தது அதற்குப் பிறகு, 1978இல் இன்னொரு உடைப்பு நடந்தபோது. பெரியப்பா உயிராக நினைத்த கையே ஒரு பாகப்பிரிவினையில் வந்த சொத்துதான். இதை அவரிடம் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்தது.

சின்னம் போனால் என்ன ஆகும் என்று தமிழ்நாட்டுக்குப் பாடம் நடத்தியது அ.தி.மு.க.தான். எம்.ஜி.ஆர். 1987 டிசம்பரில் இறந்தார். ஜானகி அணி, ஜெயலலிதா அணி என்று கட்சி இரண்டானது, இரட்டை இலை முடங்கியது. 1989 ஜனவரித் தேர்தலில் ஜெயலலிதா அணி சேவலிலும் ஜானகி அணி இரட்டைப் புறாவிலும் நின்றன. சேவலுக்குச் சுமார் 21 விழுக்காடு வாக்கு, 27 இடம். புறாவுக்கு 9 விழுக்காடு, இரண்டே இடம். சுமார் 33 விழுக்காட்டில் தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது. கூட்டல் கணக்குத் தெரிந்த யாருக்கும் அது உறுத்தியிருக்கும். அடுத்த மாதமே இரண்டு அணிகளும் ஒன்றாயின, இலை திரும்ப வந்தது, மார்ச்சில் மருங்காபுரி, மதுரை கிழக்கு இரண்டு இடைத்தேர்தலிலும் இலை ஜெயித்தது. ஜனவரியில் ஒருவரையொருவர் வசைபாடியவர்கள் மார்ச்சில் ஒரே ஜீப்பில் போனார்கள். இடையில் யாருடைய மனமும் மாறியதாக எனக்குத் தோன்றவில்லை.

2017இல் அதே படத்தை மறுபடி ஓட்டினார்கள். ஆர்.கே. நகர் இடைத்தேர்தலுக்கு இலை முடங்கி, சசிகலா, டி.டி.வி. தினகரன் தரப்புக்குத் தொப்பியும் ஓ. பன்னீர்செல்வம் தரப்புக்கு மின்கம்பமும் கிடைத்தன. அந்தத் தேர்தலே ரத்தானது வேறு கதை. ஆகஸ்டில் எடப்பாடி பழனிசாமியும் ஓ. பன்னீர்செல்வமும் கை கோத்தார்கள், நவம்பரில் இலை அவர்களிடம் வந்தது. தினகரன் அந்த டிசம்பரில் சுயேச்சையாக குக்கர் சின்னத்தில் அதே ஆர்.கே. நகரில் 40 ஆயிரத்துக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்தபோது, 'சின்னமெல்லாம் ஒன்றுமில்லை' என்று எழுதியவர்கள் உண்டு. நானும் கிட்டத்தட்ட நம்பினேன். 2019 மக்களவைத் தேர்தலில் அவர் கட்சி பரிசுப்பெட்டியோடு மாநிலம் முழுக்க நின்று ஓர் இடமும் பெறவில்லை. ஒரு தொகுதியில் ஓர் ஆள் ஜெயிக்கலாம். முப்பத்தொன்பது தொகுதிக்கு வீட்டுப் பத்திரம் வேண்டும்.

சட்டமன்றத்துக்குள் இருப்பவர்களுக்கு இன்னொரு பூட்டும் உண்டு. 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் பிரிந்தால் பதவி போகாது என்று ஒரு சந்து விட்டிருந்தார்கள். 2003இல் அந்தச் சந்தையும் அடைத்தார்கள். இப்போது மூன்றில் இரண்டு பங்குப் பேரோடு வேறு கட்சியில் இணைந்தால்தான் தப்பலாம். அதாவது கோஷ்டி பெரிதாக இருந்தால்கூடப் போதாது, கிட்டத்தட்டக் கட்சியே கோஷ்டியாக மாற வேண்டும். இதிலும் ஒரு வேடிக்கை. 2017 பிப்ரவரியில் நம்பிக்கை வாக்கெடுப்பில் சொந்தக் கட்சி அரசையே எதிர்த்து வாக்களித்த பன்னீர்செல்வம் தரப்பு 11 பேருக்கும் பதவி போகவில்லை, ஏனென்றால் அவர்கள் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். முதலமைச்சர் மேல் நம்பிக்கையில்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்த தினகரன் தரப்பு 18 பேரின் பதவி செப்டம்பரில் பறிபோனது. சட்டப் புத்தகத்தில் என்ன எழுதியிருந்தாலும், எம்.எல்.ஏ.க்கள் இதிலிருந்து படித்த பாடம் ஒன்றுதான்: உள்ளே இருந்துகொண்டு எதிர்த்தால் பிழைக்கலாம்.

அதனால்தான் இப்போதெல்லாம் யாரும் வெளிநடப்பு செய்வதில்லை, மற்றவனை வெளியே தள்ளுகிறார்கள். 2022 ஜூலையில் வானகரம் பொதுக்குழுவில் பன்னீர்செல்வம் நீக்கப்பட்டார். இரண்டு வருடம் கழித்து ராமநாதபுரத்தில் பலாப்பழச் சின்னத்தில் நின்றார். அதே பெயரில் வேறு சில பன்னீர்செல்வங்களும் களத்தில் இருந்தார்கள். மூன்று லட்சத்துக்கு மேல் வாக்கு வாங்கினார், இலையையே மூன்றாம் இடத்துக்குத் தள்ளினார், ஆனால் தோற்றார். மகாராஷ்டிராவில் ஷிண்டே தரப்பு வில் அம்பையும் அஜித் பவார் தரப்பு கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டதும் இதே வித்தைதான். வீட்டைவிட்டுப் போகாதே, பத்திரத்தை உன் பெயருக்கு மாற்று.

இங்கே என் வாதத்துக்கு எதிராக ஒரு பெரிய சாட்சி நிற்கிறது. எங்கள் வீட்டுச் சாட்சியும் அதுதான். 1996.

நரசிம்ம ராவ் அ.தி.மு.க.வோடு கூட்டணி என்று முடிவெடுத்தார். தமிழ்நாட்டுக் காங்கிரஸ்காரர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. மூப்பனார் தமிழ் மாநில காங்கிரஸ் தொடங்கினார், சைக்கிள் சின்னம், தி.மு.க.வோடு கூட்டணி. பெரியப்பா கையை விட்டுவிட்டுச் சைக்கிளில் ஏறினார். "வச்சுக்கட்டும் அவன்" என்றார். வீட்டில் அப்படி ஓர் உற்சாகத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. உரக்கடை வாசலில் வாடகைச் சைக்கிள் ஒன்றை மூங்கில் உச்சியில் கட்டித் தூக்கி நிறுத்தியிருந்தார்கள், ஒரு மாதம் வாடகை கொடுத்தார்கள். முடிவு உங்களுக்குத் தெரியும். சட்டமன்றத்தில் 39, மக்களவைக்கு நின்ற இருபதிலும் வெற்றி. கையை வைத்திருந்தவர்களுக்கு இரண்டிலும் பூஜ்யம். மண்டிக்காரர் இரண்டு மாதம் கடைத்தெருப் பக்கம் வரவில்லை. ப. சிதம்பரம் மத்திய நிதியமைச்சர். மூப்பனாரே பிரதமர் ஆவார் என்றுகூட அடுத்த வருடம் பேச்சு அடிபட்டது.

ஆக, பத்திரத்தை விட்டுவிட்டுப் போனவர்கள் ஜெயித்தார்கள். அப்புறம் ஏன் ஆறே வருடத்தில் திரும்பி வந்தார்கள்?

இருபது என்பது 1998இல் மூன்றாகியது. 1999இல் தி.மு.க. பா.ஜ.க.வோடு போய்விட, தமிழ் மாநில காங்கிரஸ் இரண்டு பெரிய கட்சிகளும் இல்லாமல் நின்று ஒன்றும் கிடைக்காமல் முடிந்தது. 2001இல் எந்த அ.தி.மு.க. கூட்டணி வேண்டாமென்று வீட்டைவிட்டுக் கிளம்பினார்களோ அதே அ.தி.மு.க.வோடு போய்ச் சேர்ந்தார்கள். அந்தக் கூட்டணியில் காங்கிரசும் இருந்தது! ஐந்து வருடத்துக்குப்பின் பெரியப்பாவும் மண்டிக்காரரும் ஒரே பிரசார வேனில். அது பிடிக்காமல் சிதம்பரம் தனியாகக் காங்கிரஸ் ஜனநாயகப் பேரவை என்று தொடங்கினார். கோஷ்டியிலிருந்து வந்த கட்சிக்குள் ஒரு கோஷ்டி. அந்த ஆகஸ்டில் மூப்பனார் இறந்தார். 2002இல் அவர் மகன் ஜி.கே. வாசன் கட்சியைக் காங்கிரசோடு இணைத்தார். உள்ளே வந்ததும் அவர்கள் என்ன ஆனார்கள்? வாசன் கோஷ்டி. வாடகை வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுப் பழைய அறைக்கே திரும்பி வந்த மாதிரி. 2014இல் மறுபடி கிளம்பினார்கள், ஆனால் அப்போது பெரியப்பா இல்லை.

அந்த ஐந்து வருடத்தில் பெரியப்பாவிடம் ஒரு மாற்றத்தைப் பார்த்தேன். ஜெயித்த கட்சிக்காரர், எதிரி ஒழிந்துவிட்டான், ஆனாலும் மனுஷர் சோர்ந்து போனார். ஜூலை 15 அன்று ஒன்பது மணி மாலையைப் பதினொன்றுக்குப் போட்டார்கள். முந்திக்கொள்ள வேண்டிய அவசரம் இல்லையே. காங்கிரசுக்குள் இருந்தபோது அவர் யாரென்று அவருக்குத் தெளிவாகத் தெரியும்: மண்டிக்காரரை வர விடாமல் தடுக்கிறவர். வெளியே வந்தபின் 'நாம் யார்' என்ற கேள்விக்குச் சொல்ல அவரிடம் இருந்ததெல்லாம் 'உண்மையான காங்கிரஸ்' என்பதுதான். உண்மையான காங்கிரஸ் என்று சொல்லிக்கொள்ளக்கூட இன்னொரு காங்கிரஸ் எதிரில் நிற்க வேண்டும். கோஷ்டிக்கு உருவம் கொடுப்பது எதிர்க் கோஷ்டி. அரசியல் அறிஞர்கள் இதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்களோ, எங்கள் ஊர்க் கடைத்தெருவில் பார்த்ததைச் சொல்கிறேன்.

இன்னொன்றும் வெளியே கிடைக்கவில்லை: மேலிடம். காங்கிரஸ்காரர்களுக்கு டெல்லி ஒரு வழக்கு மன்றம். தலைவரை மாற்று, மாவட்டத்தைப் பிரி, இவனுக்குச் சீட்டுக் கொடுக்காதே என்று புகார் மனுக்களோடு தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு போவார்கள். பெரியப்பா நான்கு முறை போனார். ஒரு முறைகூட உள்ளே யாரையும் பார்க்கவில்லை, தாழ்வாரத்தில் யாரோ ஒருவர் மனுவை வாங்கிக்கொண்டார். ஆனால் அதே பெட்டியில் மண்டிக்காரரும் வேறு மனுவோடு வந்திருந்தார், இட்லிப் பொட்டலத்தைப் பங்கிட்டுச் சாப்பிட்டார்கள். மேலிடத்துக்கும் இது வசதி. எந்தக் கோஷ்டியும் முழுதாக ஜெயிக்காமல் பார்த்துக்கொண்டால் எல்லோரும் ரயில் ஏறி வருவார்கள். 2019இல் கே.எஸ். அழகிரியைத் தலைவராகப் போட்டபோது கூடவே நான்கு செயல் தலைவர்களைப் போட்டார்கள். ஒரு நாற்காலிக்கு ஐந்து பேர் என்று கிண்டல் செய்தோம். ஆனால் ஐந்து பேரும் வீட்டுக்குள் இருந்தார்கள், பார்த்தீர்களா.

இதெல்லாம் கொள்கையில்லாத கட்சிகளின் கதை என்று ஒரு தோழர் என்னிடம் சொன்னார். அவருக்காக ஒரு கேரளக் கதை. 1964இல் ஒன்றுபட்ட கம்யூனிஸ்ட் கட்சியின் தேசியக் கவுன்சிலிலிருந்து 32 பேர் வெளியேறியதில்தான் மார்க்சிஸ்ட் கட்சி பிறந்தது. அந்த 32 பேரில் வி.எஸ். அச்சுதானந்தன் ஒருவர். கட்சியை உடைத்து வெளியே வரத் தெரிந்த மனிதர். பின்னாளில் அவருக்கும் பினராயி விஜயனுக்கும் நடந்த சண்டை ஊரறிந்தது. 2007இல் வி.எஸ். முதலமைச்சர், பினராயி மாநிலச் செயலாளர், இருவரையும் சேர்த்தே அரசியல் தலைமைக் குழுவிலிருந்து இடைநீக்கம் செய்தார்கள். 2015 ஆலப்புழை மாநாட்டிலிருந்து வி.எஸ். எழுந்து வீட்டுக்குப் போனார். கட்சியைவிட்டுப் போகவில்லை. 2025இல் 101 வயதில் இறக்கும்வரை போகவில்லை. முன்பே கட்சியிலிருந்து விலக்கப்பட்ட எம்.வி. ராகவனும் கௌரியம்மாவும் ஆளுக்கொரு சின்னக் கட்சி வைத்து, எந்தக் காங்கிரசை எதிர்த்தார்களோ அதன் கூட்டணியில் அமைச்சர்களாக இருந்ததை அவர் பார்த்திருக்கிறார். கொள்கை அவரை உள்ளே வைத்ததா, அந்தக் காட்சி வைத்ததா என்று தோழரைக் கேட்டேன். "ரெண்டும்தான்" என்றார். ஒப்புக்கொள்கிறேன். எங்கள் ஊரில் இரண்டாவது மட்டும்தான் இருந்தது.

பெரியப்பா இறந்தது 2011இல். எங்கள் ஊரில் காங்கிரசுக்கென்று மாடியில் ஓர் அறை உண்டு, காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில் வசூல் செய்து கட்டியது. ஒரு பெஞ்சு, நேரு படம், உறுப்பினர் ரசீதுப் புத்தகங்கள், ஒடிந்த கொடிக்கம்பம். சைக்கிள் காலத்தில்கூட அதன் சாவி பெரியப்பாவிடம்தான் இருந்தது. மண்டிக்காரர் பூட்டை உடைக்கவுமில்லை, கேட்கவுமில்லை. பெரியப்பாவின் உடல்மேல் முதலில் கொடி போர்த்தியவரும் அவர்தான். பெரியப்பா கோஷ்டிக்காரர்கள் வருவதற்குள் வந்துவிட்டார். அதில் ஒரு சின்ன வாய்த்தகராறுகூட நடந்தது.

பதினாறாம் நாள் முடிந்து மறுநாள் காலையில் பெரியப்பாவின் கோஷ்டி ஆள் ஒருவர் பெரியம்மாவிடம் வந்து சாவியைக் கேட்டார். சாயங்காலம் மண்டிக்காரர் மகன் வந்து கேட்டான். பெரியம்மா இரண்டு பேரிடமும் ஒரே பதிலைச் சொன்னாள். "சேர்ந்து வாங்க, தர்றேன்." நான்கு நாள் கழித்துச் சேர்ந்து வந்தார்கள், காப்பி குடித்தார்கள், வாங்கிக்கொண்டு போனார்கள். அந்த வருடம் ஜூலையில் ஊருக்குப் போனபோது மாடிப்படி ஏறிப் பார்த்தேன். கதவில் இரண்டு பூட்டு தொங்கியது.